மூக்கில் குழாயோடு ஒரு கலியாணம்

இது நான் கண்ணால் கண்டதல்ல. அன்று எனக்கு யாழ்ப்பாணத்தில் கடைசிப் பரீட்சை. கலியாணப் பொம்பிளை அஞ்சலா சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒரு விசயத்தை மட்டும் பிறகு நானே போய் விசாரித்தேன்.

கலியாணத்துக்கு முதல்நாள், மன்னார் தோட்டவெளியில் அஞ்சலாவின் வீட்டில் ஒரே சண்டை.

"நாளைக்கு நான் கோயிலுக்கு வரேல்லை," என்றார் தாய் அன்ரோனெற். "பொம்பிளையின்ர தாய் தும்பிக்கையோட நிண்டால் சனம் சிரிக்காதோ?"

அன்ரோனெற்றுக்கு நெஞ்செரிவு. படுத்தால் புளித்த தண்ணி தொண்டைக்கு ஏறும். மாதக்கணக்காகக் கதிரையில் இருந்தபடிதான் நித்திரை. ஒப்பரேசன் செய்யலாமா என்று முடிவெடுக்க ஒரு சோதனை வேண்டும். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் விட்டு, மறு நுனியை இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டியில் பொருத்துவார்கள். அதோடு ஒரு முழு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டு, நடந்து திரிய வேண்டும். அமிலம் மேலே ஏறுவதையெல்லாம் பெட்டி பதிந்துகொள்ளும்.

"வேற நாள் இல்லையோ டொக்டர்?" சோதனைக்கு நாள் சொல்ல வீட்டுக்கு வந்திருந்த டொக்டரிடம் அஞ்சலா கெஞ்சினாள்.

டொக்டர் கிருஷிகா படித்து முடித்த நாளிலிருந்து இந்த ஒரு வருத்தத்தையே ஆராய்கிறவர். ஊரில் அவருக்குப் பெயரே 'நெஞ்செரிவு டொக்டர்'.

"சாமானெல்லாம் திங்கட்கிழமை கொழும்புக்குத் திரும்பிப் போகுது. நாளையைத் தவறவிட்டால் இனி அடுத்த வருசம்தான்."

"அப்ப குழாயோட குசினிக்குள்ளயே இருக்கிறன்," என்றார் அன்ரோனெற்.

டொக்டர் எழும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை குழாய் விட்டார்கள். பின்னேரம் கோயிலுக்குப் போகக் கார் வந்து நின்றது. அன்ரோனெற் சொன்னபடியே குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். அஞ்சலா அழுது, பூசின பவுடரெல்லாம் கரைந்தது.

அப்போதுதான் டொக்டர் வந்தார். பட்டுச்சேலை, தலையில் பூ, மூக்கில் குழாய்! அது காதுக்குப் பின்னால் சுற்றி, தோளில் தொங்கிய ஹான்ட்பாக்குக்குள் போயிருந்தது.

அஞ்சலாவின் மாமி அகஸ்ரினா விடுவாரா?

"இதென்ன கூத்து! கலியாண வீட்டிலயும் ஆராய்ச்சிக் கடை விரிச்சிட்டா. எங்கட நெஞ்செரிவில இவ பேராசிரியராகப் போறா!"

"உங்கட நண்டுக்கறி எவ்வளவு உறைப்பெண்டு பார்க்கவேணுமே அக்கா," என்று டொக்டர் சிரித்தார்.

குசினிக் கதவு மெல்லத் திறந்தது.

"டொக்டர், உங்களுக்குமோ?"

"ஓம் அம்மா. தனியப் போக வெக்கமாக் கிடக்கு. நீங்களும் வந்தால் ஒரு துணை."

அன்ரோனெற் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

கோயிலில் சனம் முழுக்க டொக்டரைத்தான் பார்த்தது. அன்ரோனெற் முன்வரிசையில் நிமிர்ந்து நின்றார். படம் எடுக்க வந்தவர், "அம்மா, அதை ஒருக்காக் கழட்டேலாதோ?" என்று கேட்டார்.

"ரெண்டு தும்பிக்கையும் வடிவா விழுற மாதிரி எடும் தம்பி," என்றார் அன்ரோனெற்.

விருந்தில் டொக்டர் பையை மடியில் வைத்தபடியே நண்டு உடைத்தார்.

"பையைக் கீழ வைச்சால் என்னவாம்? நாங்கள் என்ன கள்ளரோ?" அகஸ்ரினாவுக்குப் பொறுக்கவில்லை. "சாப்பிடேக்கையும் மெசினைப் பிடிச்சுக்கொண்டு..."

இவ்வளவும் அஞ்சலா சொன்னது. இப்போது அவளுடைய அம்மாவுக்கு ஒப்பரேசன் முடிந்துவிட்டது. கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் குறட்டை விடுகிறாராம்.

பிழையாக எழுதிவிடக்கூடாதே என்று எனக்குப் பயம். சோதனைக்கு உதவியாக நின்ற ஜெகதீபன் அண்ணாவிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"டொக்டருக்கும் நெஞ்செரிவு இருக்கோ அண்ணா?"

"அவவுக்கோ? கல்லைத் திண்டாலும் செமிக்கும்! அது ஆஸ்பத்திரி வாட்டில பாவிக்கிற சாதாரணக் குழாய். நான்தான் விட்டனான். பாவம், ரெண்டுதரம் ஓங்காளிச்சவ."

"அப்ப பைக்குள்ள இருந்த மெசின்?"

"பைக்குள்ள முகம் துடைக்கிற லேஞ்சி ஒண்டுதான் இருந்தது."

கொழும்பிலிருந்து மன்னாருக்கு வந்திருந்தது ஒரேயொரு பெட்டி. அன்று அது அன்ரோனெற் அம்மாவின் இடுப்பில் இருந்தது.