க்யூ ஏழு

லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்யா? வேலை தெரியாதவனை எல்லாம் யார் அனுப்புறாங்க?" உள்ளே மாட்டிக்கொண்டவர் கதவைத் தட்டிக் கத்தினார்.

மூன்றாம் மாடித் தரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக் நிமிரவில்லை.

"எனக்கு வேலை தெரியும் சார். இந்த லிஃப்டுக்கு புரோகிராம் எழுதின புண்ணியவானுக்குத்தான் தெரியல. 'க்யூ ஏழு பழுது'ன்னு காட்டுது. க்யூ ஏழுன்னா கதவா, பிரேக்கா, மோட்டாரா?"

"அதுகூடத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? யாரும் காப்பி அடிச்சிடக் கூடாதுன்னு புரோகிராம்ல இருக்கிற பேரை எல்லாம் மாத்திக் குழப்பி வெச்சிருக்கான். கதவுன்னா நெம்பித் திறந்துடலாம். பிரேக்குன்னா, நான் கை வெச்சதும் நீங்க நேரா கீழே போயிடுவீங்க."

மெக்கானிக் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இருங்க, கம்பெனில கேட்டு அந்த ஆளோட நம்பர் வாங்கியிருக்கேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்."

மெக்கானிக் எண்ணை அழுத்தினார்.

மூடிய கதவுக்கு உள்ளே போன் மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது.

மெக்கானிக் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கதவைப் பார்த்தார். "சார், க்யூ ஏழுன்னா என்ன?"

"ஞாபகம் இல்லை," என்றது உள்ளிருந்து இறங்கிப்போன குரல். "எந்தப் பேர் எதுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. ஏழாவது மாடியில, என் ரூம் லாக்கர்ல."

"யாரையாவது எடுத்துப் படிக்கச் சொல்லுங்க."

"முடியாது. என் விரலை வெச்சாத்தான் அது திறக்கும்."