நீலக் கண்மை

ரயில் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று நெவில் கண் இமையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். சோப்பு உள்ளே போய் எரிந்ததே தவிர நீலம் போகவில்லை. கன்னத்து ஜிகினாவும் போகவில்லை.

ராத்திரி லண்டனில் கச்சேரி. முகம் கழுவாமலே கிளம்பியிருந்தான். அதற்கும் முன்னால், மாலை ஏழரை மணிக்கு, டிவியில் அவனை ஊரே பார்த்துவிட்டது. வெள்ளிக் கோட்டு, அரையடி உயரக் குதிகால் வைத்த பூட்ஸ், உதட்டில் சிவப்பு.

காலையில் பக்கத்து வீட்டு போனில் அம்மாவைப் பிடித்தான். எட்னா குரலை இறக்கிக்கொண்டாள். "அப்பா பாதிப் பாட்டுல எழுந்து போயிட்டார்டா. அதுக்கப்புறம் வாயே திறக்கல. உன்னை வரச் சொல்லுன்னு மட்டும் சொன்னார்."

அப்பா வில்ஃப் கத்தினால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம். ராதர்ஹாம் எஃகாலையில் தொழிலாளர் சங்கப் பிரதிநிதி அவர். வேலைநிறுத்தத்தில் எல்லோரும் வாசலில் நின்றபோது தனியாக உள்ளே போன சொந்தத் தம்பியோடு பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் கடந்துவிடுவார்.

தனக்கும் அதே கதிதான் என்று நெவில் முடிவுகட்டிவிட்டான்.

அவனும் அந்த உலை முன்னால் மூன்று வருடம் வெந்தவன்தான். சாம்பல் நிற ஊர், சாம்பல் நிறச் சட்டை, ஆறு மணிச் சங்கு. ஒருநாள் கன்னத்தில் ஜிகினாவைப் பூசிக்கொண்டு தொழிலாளர் கிளப் மேடையில் ஏறினான். சுரங்கத்திலிருந்து வந்த முரட்டு ஆட்கள் மேசை மேல் ஏறி ஆடினார்கள். அதற்குப் பிறகு உலைக்குத் திரும்ப மனசு வரவில்லை. எழுபத்து மூன்றாம் வருடம் அது. நாடு முழுக்கப் பையன்கள் மின்ன ஆரம்பித்திருந்தார்கள்.

டிவியில் பாடுவதுகூடக் கஷ்டமாக இல்லை; வாயசைத்தால் போதும். ஆனால் அதற்கென்றே பாட்டைப் புதிதாக வாசித்துப் பதிய வேண்டும் என்பது, வாசிப்பவர்களின் வேலையும் கூலியும் போய்விடக் கூடாது என்று இசைக்கலைஞர் சங்கம் போட்ட விதி. பதிவைப் பார்க்க வந்த சங்கத்து ஆளை மேனேஜர் பீர் குடிக்கக் கூட்டிப் போனார். அந்த ஆள் திரும்புவதற்குள் இசைத்தட்டுக்குப் பதிந்த பழைய டேப்பே புது டேப் ஆகியிருந்தது. மேக்கப்புக்குத்தான் நாற்பது நிமிடம் ஆயிற்று.

ஸ்டேஷனிலிருந்து பஸ் ஏறினான். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அம்மாள் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

"நீதானே கண்ணு அது? இன்னைக்குக் காலையில என் கண்மை டப்பாவைக் காணோம். வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க. எவன் எடுத்தான்னு தெரியல."

பஸ்ஸே சிரித்தது. நெவில் கைக்குட்டையால் மறுபடி இமையைத் தேய்த்தான்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்து முன் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். சமையலறையில் மூன்று தட்டு வைத்திருந்தாள்.

அப்பா வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. ரெக்கார்ட் பிளேயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் கண்ணை ஒரு நிமிடம் நேராகப் பார்த்தார்.

ரயிலில் மனப்பாடம் செய்து வந்ததை நெவில் ஆரம்பித்தான். அது வெறும் வேஷம்தான், தொழிலுக்காகத்தான், வீட்டுக்கு வரும்போது இனிமேல் ஒழுங்காகத் துடைத்துவிட்டுத்தான் வருவேன் என்றான்.

"துடைக்காட்டிப் போ. மயில் தோகையை ஒட்டிக்கிட்டு வந்தாலும் நான் கேக்கப்போறதில்ல."

நெவிலுக்கு மூச்சு திரும்பியது. அம்மாகூட வாசல் நிலையில் சாய்ந்து சிரிக்கப் பார்த்தாள்.

அப்பா இசைத்தட்டின் மேல் ஊசியை வைத்தார். நெவிலின் பாட்டுதான். இரண்டாவது சரணத்தில் ஊசியைத் தூக்கினார்.

"உங்கம்மா இதைத் தினமும் போடுறா. சுவர் வழியாக் கேட்டே எனக்கு மனப்பாடம். இந்த இடத்துல மூச்சு பத்தாம ஒரு வார்த்தையை முழுங்குறே. நேத்து டிவியிலயும் அதே வார்த்தை, அதே மாதிரி முழுங்கல். உங்க சங்கம் சொன்ன மாதிரி புதுசாத்தான் பதிஞ்சியாடா?"

நெவில் கம்பளத்தைப் பார்த்தான். மேனேஜர்தான் செய்தார், எல்லோரும் செய்வதுதானாம் என்று முணுமுணுத்தான்.

வில்ஃப் எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்தார்.

"எட்னா, ஒரு தட்டை எடுத்துடு. கருங்காலிக்கு இந்த வீட்டுல சாப்பாடு கிடையாது."