வராத வார்த்தை

இதை எனக்குச் சொன்னது என் மூத்த மருமகள்தான். போன ஞாயிற்றுக்கிழமை, பேத்தியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போய் வந்த பிறகு, கொடியிலிருந்து எடுத்த துணியை இரண்டு பேருமாக மடித்துக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னாள்.

அவளுக்கு டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்று பேசுவார்கள். இந்தப் பக்கம் இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவு செய்வாள்.

நாங்கள் பார்த்துவிட்டு வந்த அந்தக் குழந்தைகள் கார்ட்டூன் படம்தான் சில மாதம் முன்னால் ஒருநாள் அங்கே பதிவுக்கு வந்ததாம். வெளிநாட்டுப் படத்துக்குத் தமிழில் பேச வேண்டும். கதாநாயகி நல்ல கறுப்பாக, சுருட்டை முடியோடு ஒரு சின்னப் பெண்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நாயகியை இப்பதான் அத்தை பாக்கிறேன். வர்ற இளவரசி எல்லாம் பால்ல குளிச்ச மாதிரிதான் வருவாங்க" என்றாள் மருமகள்.

அந்த நாயகிக்குக் குரல் கொடுக்க மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்திருந்தாள். அவளும் அதே நிறம். திரையில் பார்த்ததும், "ஐ, என்னை மாதிரியே இருக்கா!" என்று குதித்தாளாம்.

படத்தில் வரும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குப் பேச வந்தவர் 'ஒரே டேக் அக்கா'. பட்டப்பெயர்தான். எவ்வளவு நீள வசனமாக இருந்தாலும் ஒரே தடவையில் பேசி முடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாராம்.

அப்படிப்பட்டவர் ஒரு சின்ன வரியில் மாட்டிக்கொண்டார்.

"கறுப்பா இருந்தாலும் களையா இருக்காடி நம்ம குட்டி!"

ஒத்திகையில் தடங்கல் இல்லாமல்தான் படித்தார். பதிவு ஆரம்பித்ததும் வந்தது வினை.

"கறுப்பா இரு... இருந்..." இருமல்.

"தண்ணி குடிங்கம்மா" என்றார் டப்பிங் சார். வசனம் எழுதியதும் அவர்தான்.

"கறுப்பா இருந்த... தா... மன்னிச்சுக்குங்க சார்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க, கோந்தா?"

மறுபடியும் போனார்கள். மறுபடியும் அதே இடத்தில் தொண்டை கட்டியது. ஒருமுறை வார்த்தை தலைகீழாக வந்தது. ஒருமுறை வெறும் காற்றுதான் வந்தது.

மருமகளுக்குப் பொறுமை போய்விட்டது. குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிக்கொண்டிருந்தது. 'வயசாயிட்டா விலகிக்க வேண்டியதுதானே, நம்ம உயிரை ஏன் வாங்கறாங்க?' என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தாளாம்.

சார் அதை வாய்விட்டே சொன்னார். "அடுத்த படத்துக்கு வேற குரல் பாத்து வைம்மா."

உள்ளே கேட்கும் ஸ்பீக்கரை அவர் அணைக்கவில்லை. அக்காவின் காதில் அது விழுந்தது. முகம் ஒரு நொடி வாடி, சரியாயிற்று.

"சார், அந்த ஒரு வார்த்தைதான் நாக்குல சிக்குது. அதை விட்டுடட்டுமா?"

"விட்டா திரையில வாய் சும்மா அசையுமே! அதை எதை வச்சு அடைக்கிறது?"

"ஒரு சிரிப்பு சிரிச்சு ஒப்பேத்திடறேன்."

"என்னத்தையோ பண்ணுங்க. ஆளை விட்டாப் போதும்."

அக்கா மைக்கைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற சிறுமியைப் பார்த்துப் பேசினார்.

"கறுப்பா..." என்று சொல்லி, பெற்ற வயிறு குளிர்ந்த மாதிரி ஒரு சிரிப்பு. "களையா இருக்காடி நம்ம குட்டி!"

சிறுமியும் கூடச் சேர்ந்து களுக்கென்று சிரித்துவிட்டாள். அது வசனத்திலேயே இல்லை. சார் தலையைச் சொறிந்துகொண்டு, "இதுவே நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்" என்றுவிட்டார்.

எல்லோரும் போன பிறகு மருமகள் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆயிரம் திட்டினாலும் அவளுக்கு இளகின மனசு.

"தொண்டையைக் கவனிச்சுக்குங்க அக்கா."

அக்கா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டி, ஒரே மூச்சில் சொன்னார்: "கறுப்பா இருந்தாலும் களையா இருக்காடி நம்ம குட்டி!"

ஒரு பிசிறு இல்லை. மணி அடித்த மாதிரி இருந்ததாம்.

மருமகள் வாயைப் பிளந்தாள். "அப்போ... வேணும்னேவா தடுமாறினீங்க?"

"ஒத்திகையில நான் அதைப் படிச்சேன். அதுவரைக்கும் குதிச்சுக்கிட்டு இருந்த பிள்ளை, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிச்சு. 'இருந்தாலும்'ங்கிற வார்த்தை வாய்க்கு வந்துச்சு கண்ணு, மனசுக்குத்தான் வரலை."

"சார்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ஏன்னு கேப்பார். நான் ஒண்ணு சொல்ல, அவர் ஒண்ணு சொல்ல, அந்தப் பிள்ளையை நடுவுல நிக்க வச்சுக்கிட்டு அவ நிறத்தைப் பத்தி ஊர்ப்பட்ட பேச்சு பேசியிருப்போம். அதுக்கு என் தொண்டையைப் பத்திப் பேசினா என்ன குறைஞ்சு போச்சு?"

இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு மருமகள், மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தாள். அவளும் நல்ல கறுப்பு. என் பேத்தியும் அவளைக் கொண்டுதான் பிறந்திருக்கிறாள்.

படம் பார்த்ததிலிருந்து பேத்தி சும்மா இருப்பதில்லை. பல் தேய்க்கும்போதுகூட வாயெல்லாம் நுரையோடு, "கறுப்பா, களையா!" என்று அந்தச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்துக்கொண்டு திரிகிறாள். யார் கொடுத்த சிரிப்பு என்று அவளுக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும். அவருக்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன்.

அந்த ஸ்டூடியோவிலிருந்து அக்காவுக்கு இன்னும் அழைப்பு வரவில்லையாம். சீக்கிரம் வர வேண்டும் என்று நீங்களும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.