நகராத கோடு

“ஒரு சொட்டுக் கண்ணீருக்கே இம்புட்டு கஞ்சத்தனமா? கல்லு மனசாக்கா உங்களுக்கு?” என்று சிரித்தாள் தமிழ்வாணி.

சுந்தரவல்லியும் சிரித்துவைத்தாள். மூன்று வருடங்களுக்கு முன், வில்லாபுரம் வீட்டில், கணவன் சௌரிராஜனின் உடலைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் இதையேதான் சொன்னார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. மாமியார் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

தமிழ்வாணிக்கு அதெல்லாம் தெரியாது. அவள் கண் டாக்டர். சுந்தரவல்லியின் ஆராய்ச்சிக்கு உதவப் பசுமலை ஆய்வகத்துக்கு வந்துபோகிறவள். சுந்தரவல்லியின் கீழிமையில் செருகியிருந்த காகிதப் பட்டையை மெல்ல உருவினாள். நுனி மட்டும் நனைந்திருந்தது.

“போதும், இதை வச்சே பாப்போம். கரண்ட் போறதுக்குள்ள முடிக்கணும்.”

மேசையில் சுந்தரவல்லி செய்த கண்ணாடித் துண்டுகள் இருந்தன. தங்கப் பூச்சு, அதில் கண்ணுக்குத் தெரியாத கோடித் துளைகள். கண்ணீரில் உள்ள ஒரு புரதம் அங்கே வந்து ஒட்டினால் ஊடுருவும் ஒளியின் நிறம் மாறும். கணினித் திரையில் கோடு நகரும். நோயாளிகளிடம் போகுமுன் நல்ல கண்ணில் சோதிக்க வேண்டும்.

பட்டையை அலசிய நீரைக் கண்ணாடியில் விட்டார்கள். கோடு நகரவில்லை.

“கண்ணாடி சரியில்ல போல,” என்றாள் சுந்தரவல்லி. வறண்ட நாக்கை இரண்டு மடக்குத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள். இந்தக் கண்ணாடியை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

கணவன் இறந்த அன்று அவள் அழத்தான் முயன்றாள். நெஞ்சு அடைத்தது, கண் எரிந்தது, ஒன்றும் வரவில்லை. ஊர் சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பாள். அவரை நான் நேசிக்கவே இல்லையோ என்று தானே நம்பத் தொடங்கியதுதான் அவளைத் தனியாக்கியது.

“இருங்க, என் கண்ணுல எடுப்போம்,” என்றாள் தமிழ்வாணி.

இன்னொரு துண்டில் அவளுடைய கண்ணீரை விட்டதும் கோடு சட்டென்று நகர்ந்தது. மூன்றாவது துண்டில் மறுபடி சுந்தரவல்லியுடையது. அசையவில்லை.

தமிழ்வாணி கேலியை நிறுத்தினாள். டார்ச்சை அடித்து சுந்தரவல்லியின் கண்களை நெடுநேரம் பார்த்தாள்.

“எம்புட்டு வருசமாக்கா கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது?”

“கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே. லேப் வெளிச்சம் ஒத்துக்கலன்னு விட்டுட்டேன்.”

“வெளிச்சம் இல்லக்கா, நோவு. கண்ணீர் சுரக்கிற எடமே காஞ்சு கெடக்கு. ரத்தம் டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கிருவோம். மருந்து இருக்கு, பயப்படாதீங்க. ஆனா எம்புட்டு வேதனையிருந்தாலும் தண்ணி வராது.”

சுந்தரவல்லி திரையில் நகராமல் நின்ற கோட்டை விரலால் தொட்டாள்.

“அப்ப, அன்னிக்கு நான் அழுதிருக்கேன்.”