மூலை உடைந்த வில்லை

உருகித் தளதளத்துக்கொண்டிருந்த உப்புக்குள் கம்பிக்கூடை ஒன்று இறங்கியது. அதில் மூலை உடைந்த ஒரு யுரேனிய ஆக்சைடு வில்லை, கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது.

"இந்த ஆக்சிஜன் சகவாசமே வேண்டாம் அண்ணே. எப்படியாவது பிரிச்சு விட்டுடுங்க," என்று உப்பிடம் அழாக்குறையாகக் கேட்டது.

மின்சாரம் பாய்ந்தது. உப்பு பொறுமையாக ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துபோய், எதிரே நின்ற பிளாட்டினத் தகட்டிடம் விட்டது. அங்கே அது குமிழியாகி மேலே பறந்தது. ஒரு பகல் முழுக்க இதே வேலை. கடைசியில் வில்லை கருமை போய்ச் சுத்த உலோகமாகிவிட்டது.

கூடை மேலேறும்போது உப்பு தன்னில் கொஞ்சத்தை அதன்மேல் பூசி அனுப்பியது. "இது மேலேயே இருக்கட்டும் தம்பி. வெளியே காத்துலயும் ஆக்சிஜன் இருக்கு."

"இனி அது முகத்துலயே முழிக்க மாட்டேன் அண்ணே. இது வெள்ளை வெள்ளையா அசிங்கமா இருக்கு. வெளியே போனதும் உதறிடறேன்."

பத்து நாள் கழித்து மறுபடி கூடை இறங்கியது. உள்ளே கன்னங்கரேலென்று ஒரு வில்லை.

"நான் இங்கே வர்றது இதுதான் முதல் தடவை அண்ணே," என்றது.

அந்த உடைந்த மூலையை உப்பு ஒருமுறை பார்த்தது.

"அப்படியா தம்பி, உள்ளே வா," என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து சுமக்க ஆரம்பித்தது.