ஜூலியன் சேரின் லேபல்

“பெயர் காணாது,” என்றார் காணி அலுவலகப் பொறுப்பதிகாரி ஜூலியன் சேர், லேபலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி.

சுலோஜனாவுக்குத் திக்கென்றது. மூன்றாம் முறையாக அச்சடித்த லேபல் அது. ஊர், ஆண்டு, பெட்டி இலக்கம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

“எந்தப் பெயர் சேர்?”

“என்ட பெயர்தான். திட்டத்திர சின்னத்துக்குப் பக்கத்தில கிடந்து நசியுது. மேல, பெரிசா வரட்டும்.”

அலுவலகத்துப் பழைய கோப்புகள் அத்தனையும் உரப் பைகளில் கட்டுண்டு கிடந்தவை. போன வெள்ளத்துக்குப் பிறகு மேலிடத்துக்கு ஞானம் பிறந்து, ஆவணப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மூடி போட்ட அட்டைப் பெட்டிகளை அனுப்பியது. தூசியில் இருமி இருமி அவற்றை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவள் சுலோஜனா. எட்டு வருடமாக ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறாள். ஆவண அறைத் திறப்பு விழா நல்லபடி முடிந்தால் அவளுடைய நிரந்தர நியமனக் கடிதத்தில், விழாவுக்கு வரும் பணிப்பாளர் அன்றைக்கே கையெழுத்து வைப்பார் என்று ஜூலியன் சேர் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் அவர் தன் சாதகத்தையே அச்சடிக்கச் சொல்லியிருந்தாலும் அவள் அடித்திருப்பாள்.

நாலாவது லேபலில் ஜூலியன் சேர் தலைமாட்டில் குந்தினார். அவருக்குக் கீழே பதவி, சின்னம், ‘விரைவான சேவை எங்கள் உயிர்மூச்சு’ என்ற வாசகம், தொலைபேசி இலக்கம். ஊர்ப் பெயர் அடியில் எறும்பு போல ஊர்ந்தது.

“பெட்டிர பக்கத்தில ஒட்ட இடம் போதாது சேர்.”

“மூடியில ஒட்டுங்க மிஸ். மேசையில பரப்பி வச்சா நிண்டு பாக்கிற ஆக்களுக்கு நேரா தெரியும். லெமினேட் பண்ணுங்க, மினுங்கட்டும்.”

மினுங்கத்தான் செய்தது. கலர் மையும் லெமினேட்டும் விழாக் காசில் பாதியை விழுங்கிவிட்டன. மிச்சத்தை அலுவலக உதவியாளர் சுதாகரனின் கையில் கொடுத்து, “ரோல்ஸ், கேக் எல்லாம் நீ பாத்துச் செய் தம்பி. என்னட்ட ஒண்டும் கேட்டு வராத,” என்று சொல்லிவிட்டார் ஜூலியன் சேர்.

விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் சுலோஜனா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து சரி பார்த்தாள். ஒன்றிலும் பிசகில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

பணிப்பாளர் ஹமீட் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார். ஜூலியன் சேர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்தான். ஆனாலும் அரசாங்க விழாவென்றால் சுபநேரம் பார்க்காமல் அவருக்குச் சரிவராது. சுபநேரத்துக்கு இன்னும் அரைமணி இருந்தது. எனவே முதலில் வெளி விறாந்தையில் தேநீர்.

சுலோஜனா வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். சுதாகரன் ஓடியோடி, ஆளுக்கொரு அட்டைத் தட்டத்தில் வெள்ளைத்தாள் விரித்து ரோல்ஸும் கேக்கும் வாழைப்பழமும் கொடுத்தான்.

“பிளாஸ்டிக் ஒண்டுமில்ல. நல்ல யோசனை,” என்றார் ஹமீட்.

“எல்லாம் நம்மட ஏற்பாடுதான் சேர்,” என்றார் ஜூலியன் சேர். அந்தத் தட்டத்தை அவர் பார்ப்பதே அப்போதுதான்.

ரிப்பன் வெட்டியாயிற்று. நீள மேசைகளில் வரிசை வரிசையாக ஜூலியன் சேரின் பெயர் பளபளத்தது. ஹமீட் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“லேபல் வடிவா இரிக்கு. வேலை செய்யுதா எண்டு பாப்பம்.” கூட்டத்தில் நின்ற செட்டிபாளையத்துக் கமக்காரர் கதிர்காமத்தம்பியை அவர் கூப்பிட்டார். “உங்கட வட்டை வயல் காணி பைல் எத்தின நிமிசத்தில வருது எண்டு பாப்பமா ஐயா?”

“நிமிசமா? நான் மூணு வருசமா வந்து போறன் சேர்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஹமீட் சுலோஜனாவின் நியமனக் கடிதத்தை ஜூலியன் சேரிடம் வாங்கி மேசையில் வைத்து, பேனாவைத் திறந்தார். “பைல் வரட்டும். வந்த உடன வைக்கிறன் கையெழுத்து.”

சுலோஜனா பறந்தாள். செட்டிபாளையம் நேற்று வைத்த இடத்தில் இல்லை. யாரோ அலங்காரத்துக்கு மாற்றி வைத்திருப்பார்கள் என்று நினைத்துத் தேடி, கடைசி மேசையில் கண்டுபிடித்தாள். திறந்தால் உள்ளே கதிரவெளி. கதிரவெளியைத் திறந்தால் காத்தான்குடி. காத்தான்குடிக்குள் யாருடையதோ வாய்க்கால் வழக்கு.

“என்ன மிஸ், லேபல் பிழையா அடிச்சிட்டீங்களா?” என்றார் ஜூலியன் சேர், ஹமீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

ஹமீட் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். எட்டு வருடமும் அந்தப் பைக்குள் போவதைச் சுலோஜனா பார்த்துக்கொண்டு நின்றாள். தலையைக் குனிந்தபோதுதான் கையிலிருந்த மூடியின் உட்பக்கம் கண்ணில் பட்டது. மூலையில் ஒரு துண்டுக் கேக்.

மெல்லத் திரும்பினாள். கதவடியில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த சுதாகரன் பெருமையாகச் சிரித்தான்.

“தட்டு வாங்கக் காசு போதாமப் போச்சு மிஸ். நல்ல காலம், இது கிடந்திச்சு. ஆக்கள் உள்ள வர முன்ன துடைச்சு, எல்லாத்தையும் பழையபடி மூடிட்டன்.”

“எந்த மூடிய எதில போட்ட நீ?”

“அதில என்ன மிஸ், எல்லா மூடியும் ஒரே அளவுதானே.”