புளி போட்டுத் தேய்த்த பதக்கம்

போர்க்காலக் கப்பல்காரர்களின் பதக்கங்களைத் தேடிச் சேர்ப்பவன் தாமோதரன். அவன் பையில் மூன்று பேருடைய பணிக் காகிதங்கள் இருந்தன. மூவருக்கும் ஒரே பெயர், அந்தோணி பர்னாந்து. ஒருவன் கப்பலோடு மூழ்கினான். இன்னொருவன் அயல்நாட்டு ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் செத்தான். மூன்றாமவன் போர் முடிந்ததும் உயிரோடு கரையிறங்கினான். அங்கிருந்து எந்த வீட்டுக்குப் போனானோ, காகிதம் சொல்லவில்லை. இந்த வீட்டுக் கிழவி கித்தேரியம்மாளிடம் இருக்கும் பதக்கத்தின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தால் போதும், இவர்களில் அவள் தகப்பன் யார் என்று தெரிந்துவிடும்.

"செத்த நாள் தெரிஞ்சா ஒரு பூசை வச்சிருவேன், தம்பி. உயிரோட இருக்கிற மனுசனுக்கு அதை வைக்கக் கூடாதுன்னு அம்மா கடைசிவரைக்கும் விடலை" என்றபடி மாதா படத்தடியிலிருந்து பதக்கத்தை எடுத்து வந்தாள் கித்தேரியம்மாள். தகப்பனை அவள் பார்த்ததே இல்லை.

பதக்கம் கண்ணைக் கூச வைத்தது. தாமோதரன் பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எண் இல்லை, பெயர் இல்லை. முகப்பில் பொறித்த ராஜாவுக்கு மூக்குகூட மிச்சமில்லை.

"இதை எதை வச்சும்மா தேய்ப்பீங்க?"

"புளியும் சாம்பலும்தான். சனிக்கிழமை தவறாம அம்மா தேய்ப்பா, அவளுக்கப்புறம் நான். மங்கவிட்டா அப்பாவுக்கு ஆகாதும்பா."

அவன் காகிதங்களைப் பைக்குள் தள்ளினான்.

"எண்ணு தெரியலையா? கையில தட்டுப்படும், தம்பி. சின்னதுல எனக்குத் தட்டுப்பட்டிருக்கு."

பதக்கத்தை வாங்கிக் கட்டைவிரலால் விளிம்பை வருடினாள். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வருடினாள். அந்த விரலிலும் ரேகைகள் எப்போதோ தேய்ந்துபோயிருந்தன.